இருபது நட்டு, இருபது சத்தம்

நான் வேலை பார்த்த டயர் கடையில், ஒவ்வொரு வண்டிக்கும் செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டைக் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். அது சம்பந்தமாகப் போன வாரம் மேனேஜர் கௌசல்யா எனக்குப் போன் செய்தார். இன்ஜினீயரிங் படித்த பெண். என்னைவிட முப்பது வயது சின்னவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கும் நல்ல குணம் அவருக்கு உண்டு.

“அண்ணாச்சி, நல்லாருக்கீகளா? ஒரு சின்ன சந்தேகம். வீல் நட்டு முடுக்குனதுக்கு நம்ம கார்டுல ரெண்டு கட்டம் இருக்குல்லா? ஒண்ணு முடுக்குனவர் கையெழுத்து. ரெண்டாவது எதுக்கு? புது ரெஞ்சு, முடுக்குன அளவ அதுவே கம்ப்யூட்டர்ல ஏத்திருது. ஒரு கட்டம் போதும்னு சாப்ட்வேர்க்காரங்க சொல்லுதாங்க. எடுத்துரலாமா?”

“எடுத்துராதீகம்மா. ஏன்னு எழுதித் தாரேன்” என்றேன்.

மளிகைச் சீட்டுக்கூட எழுதாத ஆள் கட்டுரை எழுதப் போகிறாராக்கும் என்று என் மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும். இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. நேரில் சொல்லலாம் என்றால் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகவேல். ஊர் ஆமத்தூர். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் ரோட்டில் உள்ள ஒரு டயர் கடையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன சித்திரையில் ஓய்வு பெற்றேன். தொழில் கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றும் இல்லை. லாரி டயரைக் கடப்பாரையும் சம்மட்டியும் வைத்துக் கழற்றினோம், பஞ்சர் ஒட்டினோம், காற்றடித்தோம், திட்டு வாங்கினோம். பிறகு கார்கள் பெருகின, மெஷின்கள் வந்தன, அலாய் வீல் வந்தது. எனக்கு இடுப்பு வலியும் வந்தது. அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது எங்கள் போர்மேன் ராசையா அண்ணாச்சியைப் பற்றி. டயர் கடைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். அங்கே ஏதோ நடந்திருக்கிறது. என்ன என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. தினமும் காலையில் கடைக்குள் நுழைந்ததும் வாசலில் உள்ள இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து அறைக்குள் போகுமுன், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டில் கை வைப்பார்கள். வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தூணுக்குக் குட் மார்னிங் சொல்லிட்டு வாராக என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி போய்விடுவார்.

டயர் கடையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பொட்டு அழுக்குப் படாமல் மாலை வீட்டுக்குப் போன மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சத்தம் போட்டுத் திட்டமாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அவருடைய ஒரே சட்டம் இது: நட்டை முடுக்கியவன் கோடு போடக் கூடாது.

கோடு என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். டார்க் ரெஞ்சு என்று நீளமான ஒரு கருவி உண்டு. எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்பதை முதலிலேயே அதில் வைத்துவிட வேண்டும். நட்டு அந்த இறுக்கத்துக்கு வந்ததும் ரெஞ்சு ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். வீலுக்கு ஐந்து நட்டு, நான்கு வீலுக்கு இருபது நட்டு, இருபது சத்தம். அண்ணாச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேஜையில் பில் எழுதிக்கொண்டிருப்பார். கடைசி வீலை முடித்து நான் எழுந்தால், திரும்பாமலே, “ஒண்ணு குறையுதுலே” என்பார். தேடிப் பார்த்தால் ஒன்று குறையும். எண்ணிக்கை சரியாக இருந்தால் எழுந்து வந்து ஒவ்வொரு நட்டையும் கையால் தொட்டுப் பார்த்து, நட்டிலிருந்து வீல்மேல் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு சின்னக் கோடு இழுப்பார். நட்டு தளர்ந்து கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். வண்டிக்காரரிடம், “காலைல எந்திச்சதும் இந்தக் கோட்டப் பாருங்க. ஒடஞ்சிருந்தா வண்டிய எடுக்காதீக” என்று சொல்லி அனுப்புவார்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முந்திய பட்டாசு சீசன். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துப் பையன், விக்னேஷ் என்று வைத்துக்கொள்வோம், பெங்களூரிலிருந்து சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தார். இரண்டே சீட்டு. காரோடு வந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தியிருந்தார்கள். தரையைத் தொடாத குறையாக நிற்கும். பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊர் வேகத்தடைகளை யாரும் அளவு பார்த்தா கட்டுகிறார்கள்? ஒவ்வொன்றையும் அந்தக் கார் குறுக்குச் சாய்வாக ஏறித்தான் இறங்க வேண்டும். அதற்கு வெளிநாட்டிலிருந்து நான்கு அலாய் வீல் வரவழைத்திருந்தார். பழையதைவிட ஓர் அங்குலம் பெரியது, அகலமும் அதிகம். அதற்கேற்ற டயர், பக்கச் சுவர் மூன்று விரல் உயரம்கூட இல்லை.

காரைக் கொண்டு வந்தவர் அந்த வீட்டு டிரைவர் மாரியப்பன். ஏழாயிரம்பண்ணைக்காரர். ரெண்டு சீட்டுக் காருக்கு டிரைவரா என்று நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். “மொதலாளி ஞாயித்துக்கிளம ஓட்டுவாகண்ணே. மத்த நாள்ல தொடைக்க, காத்தடிக்க, ஆமத்தூரு வரைக்கும் நடத்திக் கொண்டுபோக நான் வேணும்லா?” என்றார்.

அவருடைய இடது கை முழங்கை வரை தோல் சுருங்கிக் கிடந்தது. பத்தொன்பது வயதில் மருந்து அறையில் வெந்தது என்று அவரே சொன்னார். ஆறி எழுந்ததும் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். “இந்த லைசென்ஸ் இருக்கங்காட்டிதாண்ணே மருந்துக்குள்ள கை வைக்காம சோறு திங்கேன்” என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். அந்தத் தட்டலை நான் மறக்கவில்லை.

தாழ்த்திய காரில் பெரிய வீல் மாட்டுவது அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. முதலில் ஜாக்கியே அடியில் போகாது. இரண்டு பலகையைப் போட்டு அதன்மேல் காரை மெதுவாக ஏற்றி, அப்புறம்தான் ஜாக்கி வைக்க முடியும். மெல்லிய டயரை விளிம்பில் ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் தடவி, பிளாஸ்டிக் காப்புக் கொடுத்து ஏற்ற வேண்டும். கொஞ்சம் தவறினால் வீலில் கீறல், இல்லையென்றால் டயர் கிழிசல். பழைய வீல் உட்கார்ந்திருந்த முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துத் துருவை எடுக்க வேண்டும். துருவின்மேல் வீலை உட்கார வைத்தால் பிறகு துரு உதிரும், நட்டு தளரும். புது வீலின் நடு ஓட்டை பெரிதாக இருந்ததால் இடைவெளியை அடைக்க வளையம் போட்டோம். பின்பக்க மட்கார்டின் உள்விளிம்பு டயரில் உரசியது. அதைச் சூடு காட்டி உள்ளே மடிக்கவே வியாழக்கிழமை முழுவதும் போய்விட்டது. ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பி, பின்னால் டிக்கியில் இரண்டு பேரை உட்கார வைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே காகிதம் போய் வருகிறதா என்று பார்த்தேன். போய் வந்தது. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை நட்டு முடுக்குவதுதான் பாக்கி. அன்று விடியற்காலையில் மல்லாங்கிணற்றில் அண்ணாச்சியின் மைத்துனர் இறந்துபோனார். அண்ணாச்சி கிளம்பிப் போய்விட்டார். தனக்குப் பதிலாக யார் எண்ண வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. அதற்குள் கார் கிளம்பிக் குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று விக்னேஷும் அவர் அம்மாவும் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். வீலை மாட்டி நட்டுகளைக் கையால் திருகி, காரைத் தரையில் இறக்கினேன். டார்க் ரெஞ்சை எடுத்தேன். முன் வலது, முன் இடது, பின் வலது. பதினைந்து சத்தம். பின் இடது வீலுக்கு வந்து உட்காரும்போது அந்த அம்மா தட்டோடு பின்னால் நின்றார்கள். “மணி பத்து ஆயிருச்சுய்யா. சந்தனம் வச்சிரலாமா?”

நல்ல மனுஷி. குரலில் அதிகாரம் ஏதும் இல்லை. அதனாலேயே என்னால் ‘கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்ல முடியவில்லை. ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எலுமிச்சம்பழம் எடுத்து வரப் போனேன். யாரோ ஏதோ கேட்டார்கள், பதில் சொன்னேன். திரும்பி வந்தபோது நான்கு வீலும் முடித்ததாகவே என் மனதில் பதிந்துவிட்டது. மஞ்சள் பெயின்ட்டை எடுத்து இருபது நட்டுக்கும் நானே கோடு போட்டேன். பெயின்ட் காய்ந்தும் காயாமலும் இருக்கும்போதே, எங்கள் கடை வழக்கப்படி ஒவ்வொரு வீலின் நடுவிலும் நட்டு உட்பட எல்லாம் மறைய சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். மங்களகரமாக இருந்தது.

புது வீல் மாட்டினால் ஆறேழு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஆறிய பிறகு மறுபடி ஒரு தடவை முடுக்க வேண்டும். அதற்கும் நேரமில்லை. “திங்கக்கிழம கொண்டாங்க மாரியப்பன்” என்றேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, பத்து மணி இருபது நிமிடத்துக்குக் கார் கிளம்பியது.

சனிக்கிழமை மத்தியானம் மாரியப்பன் போன் செய்தார்.

“அண்ணே, பின்னால இடது பக்கம் லேசா டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கு. கோட்டப் பாப்போம்னா சந்தனமும் குங்குமமுமா அப்பியிருக்கு. பொட்ட அழிச்சுப் பாக்கட்டுமாண்ணே?”

அவர் என்னிடம் அனுமதி கேட்டார். கோயிலுக்குப் போய் வந்த வண்டி, வெள்ளிக்கிழமை வைத்த பொட்டு, முதலாளி அம்மா நின்று பார்த்து வைத்தது. அவராக எப்படி அழிப்பார்? நம்ம பக்கம் யார்தான் அழிப்பார்கள்? நான் சோற்றில் கை வைத்திருந்தேன். “வெள்ளிக்கெளம வச்ச பொட்ட அழிக்காதீக மாரியப்பன். அது புது டயர் சத்தம், ஓட ஓடச் சரியாயிரும். திங்கக்கெளம நான் பாக்கேன்” என்றேன். சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, எங்கள் ஆமத்தூர் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே அந்த வீல் கழன்றது. முதலாளி அன்று ஓட்ட வரவில்லை, மாரியப்பன் மட்டும்தான் காரில் இருந்தார். வீல் தனியாக ஓடிக் காட்டுக்குள் விழுந்தது. கார் வயிறு தரையில் தேய்ந்து இழுத்துக்கொண்டே போய், சீசன் என்பதால் ஞாயிறன்றும் கம்பெனி வேனுக்குக் காத்திருந்த பெண்களை நோக்கிப் போனது. எல்லோரும் சிதறி ஓடினார்கள். செல்லத்தாய் என்பவர் மட்டும் சிக்கிக்கொண்டார். வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது.

சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிய கூட்டத்தில் நானும் ஒருவன். சிவப்புக் காரைக் கண்டதும் நின்றுவிட்டேன். அந்த நிமிடத்தில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பதினைந்து சத்தம்தான் கேட்டேன். மீதி ஐந்து கேட்கவில்லை. ரெஞ்சைக் கீழே வைத்ததும், அதைத் திரும்ப எடுக்காததும் அப்படியே கண்முன் வந்து நின்றன.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

வேகமாக ஓட்டியதால் வந்த வினை என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். முதலாளி வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். மாரியப்பனின் லைசென்ஸைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது, வேலையும் போனது. திங்கட்கிழமை அந்த வீலைக் கடைக்குக் கொண்டு வந்து போட்டார்கள். வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அண்ணாச்சி மல்லாங்கிணற்றுத் துட்டி வீட்டிலிருந்து திரும்பியிருந்தார். தூணில் கையை வைத்துவிட்டு வந்து, வீலைப் பலகையில் கிடத்தி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சந்தனத்தைத் துடைத்தார். அவசரமே இல்லாமல், குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தார். ஐந்து ஓட்டையும் வட்டமாக இல்லை. நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. வேகத்தில் ஒரே அடியாகக் கழன்ற வீல் அப்படித் தேயாது. இரண்டு நாள் தளர்ந்தே ஓடியிருந்தால்தான் தேயும். ஓட்டைகளின் ஓரத்தில் நான் போட்ட மஞ்சள் கோட்டின் பாதிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மறு பாதிகள் நட்டோடு போய்விட்டன.

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: “எத்தன கேட்டுச்சுலே?”

“இருபது, அண்ணாச்சி” என்றேன்.

“சரி” என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு மேஜைக்குப் போய்விட்டார்.

என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். வேலை போனால் என்ன ஆகும், கேஸ் என்று வந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்தக் காரணங்களை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பயந்துவிட்டேன். அதுதான் உண்மை.

வியாழக்கிழமை மாரியப்பனின் மனைவி முத்துலட்சுமி கடைக்கு வந்தார்கள். அவர்களும் பட்டாசுக் கம்பெனியில் தாள் ஒட்டும் வேலைக்குப் போகிறவர்கள்தான். ஒரு நாள் லீவு போட்டு வந்திருந்தார்கள்.

“அண்ணே, நான் சண்ட போட வரல. அவுக சனிக்கிளம உங்ககிட்ட போன்ல கேட்டாகளாம்லா, பொட்ட அழிச்சுப் பாக்கட்டுமான்னு. நீங்க வேணாம்னு சொன்னீகளாம். அத மட்டும் டேசன்ல வந்து ஒரு வார்த்த சொல்லுதீகளா? வேற ஒண்ணும் வேணாம்.”

“மாரியப்பன் எங்க இருக்காரு?” என்று கேட்டேன்.

“லைசென்ஸ்தான் இல்லையே. சீசன் நேரத்துல வீட்டுல சும்மா இருக்க முடியுமா? நேத்துலேர்ந்து மருந்து ரூம்புக்குப் போறாக. அம்புட்டு வருசம் கழிச்சு திரும்பவும்…” அழவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சட்டைப் பையும் அதைத் தட்டிய கையும் நினைவுக்கு வந்தன. “வாரேம்மா” என்று சொல்லிவிட்டு நேரே மேஜைக்குப் போனேன்.

“பதினஞ்சுதான் கேட்டுச்சு, அண்ணாச்சி.”

“தெரியும்லே.”

“பின்ன ஏன் என்னய ஒண்ணும் சொல்லல?”

“நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வந்தா நானே சொல்லிருப்பேன்.” எழுந்து பேனாவை மூடினார். “நாலு நாளு பாத்துக்கிட்டிருந்துட்டேன். அவன் மருந்து ரூம்புக்குப் போயிருக்கான்னு எனக்குத் தெரியாம போச்சுலே. வண்டிய எடு. மொதல்ல அவன்கிட்ட சொல்லு. டேசன் பொறவு.”

ஏழாயிரம்பண்ணைக்கு அண்ணாச்சியை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து ஓட்டினேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். வேலை முடிய ஒரு மணி நேரம் இருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான ஒரு மணி நேரம் கிடையாது. தூரத்தில் வேறேதோ கம்பெனியில் சோதனைக்கு ஒரு வெடி போட்டார்கள். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், தினமும் கேட்கிற சத்தம்தான். ஆனால் அன்று ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டேன். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் உள்ளங்கையைக் கேட்டின் இரும்புக் கம்பியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு மேல் மாரியப்பன் வந்தார். அலுமினியப் பொடி படிந்து இரண்டு கையும் வெள்ளியாகப் பளபளத்தன. முகத்திலும் புருவத்திலும் அதே வெள்ளி. வெந்த கை எது, நல்ல கை எது என்று தெரியவில்லை.

“பின்பக்க இடது வீல நான் முடுக்கவே இல்ல, மாரியப்பன். கையால திருகுனதோட விட்டுட்டேன். கோடும் நானேதான் போட்டேன். நீங்க கேட்டப்ப பொட்ட அழிக்க வேணாம்னும் நானேதான் சொன்னேன்.”

சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருக்கலாம். அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“அப்ப நான் கேட்ட சத்தம் நெசந்தானாண்ணே? எனக்கு ஓட்டத் தெரியாமத்தான் அந்த அக்கா காலு போச்சோன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன். அஞ்சு நாளா ஒறக்கம் இல்ல” என்றார்.

தண்ணீர்க் குழாயடிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அந்தப் பொடி அத்தனை சீக்கிரம் போகிற பொடி இல்லை. நானும் அண்ணாச்சியும் அவர் கழுவி முடிக்கிற வரை நின்றோம்.

ஸ்டேஷனில் நான் சொன்னதை எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி என் கையிலிருந்து பேனாவை வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். “நீங்க அன்னைக்கு ஊர்லயே இல்லையே, நீங்க எதுக்குப் போடுறீங்க?” என்று அந்தப் போலீஸ்காரர் கேட்டார்.

“அதாங்கய்யா தப்பு. முடுக்குறவன் ஒருத்தன், பாக்குறவன் ஒருத்தன். பாக்குற எடத்துல ஆளு வைக்காமப் போனது நான். அதையும் எழுதிக்கோங்க” என்றார் அண்ணாச்சி.

கடை முதலாளி என்னை நிறுத்திவிடத்தான் பார்த்தார். “அப்ப என் கணக்கையும் சேத்தே முடிச்சிருங்க” என்று அண்ணாச்சி சொன்னதால் விட்டார். கேஸ் என் பக்கம் திரும்பியது. விருதுநகர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, கொடுத்த தண்டனையை ஏற்றுக்கொண்டேன். செல்லத்தாயை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரே ஊர் என்பதால் இன்றும் பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறேன், காலை இழுத்துத்தான் நடக்கிறார். நான் வருவது தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அவருடைய நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவேன்.

மாரியப்பனுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் மருந்து அறைக்கு அவர் மறுபடி போகவில்லை. நான் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி அவரைக் கடைக்கு அழைத்து வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் அவரிடம் சொன்னார்: “நீ நட்ட முடுக்க வேணாம். வேலு முடுக்கட்டும். நீ திரும்பி உக்காந்து எண்ணு. எண்ணி முடிச்சு, தொட்டுப் பாத்து, நீ கோடு போடு. நீ போட்டாத்தான் வண்டி வெளிய போகணும், அது எந்த மொதலாளி வண்டியா இருந்தாலும் சரி, எந்த ராகு காலமா இருந்தாலும் சரி.” அந்த மாதம் அச்சடித்து வந்த ஜாப் கார்டில்தான் இரண்டாவது கட்டம் வந்தது. சந்தனம் குங்குமம் வைக்கும் வழக்கம் நிற்கவில்லை, டயர்மேல் வைக்கிறோம். நட்டில் வைப்பதில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு சிவகாசி வீட்டில் மறுபடி கூப்பிட்டார்கள். மாரியப்பன் போகவில்லை.

ஆக, கௌசல்யாம்மா, உங்கள் புது ரெஞ்சு நல்ல ரெஞ்சுதான். முடுக்கியதை அது சரியாக எழுதிக்கொள்ளும். எனக்கு அன்று முடுக்கத் தெரியாமல் போகவில்லை. கீழே வைத்த ரெஞ்சை நான் திரும்ப எடுக்கவில்லை. முடுக்காமல் விட்டதைச் சொல்ல, முடுக்காத வேறொரு ஆள் வேண்டும். கட்டம் இருக்கட்டும்.

அண்ணாச்சி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மாரியப்பன் இன்னும் அதே மேஜையில் இருக்கிறார். ஒன்பது வருடம் நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதே அவர்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

என் கடைசி வேலை நாளில் நீல நிறத்தில் ஒரு தாழ்த்திய கார் வந்தது. பலகை போட்டு ஏற்றி, வீல் மாற்றி, இறக்கி, நானே முடுக்கினேன். மாரியப்பன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கடைசிச் சத்தம் கேட்டதும், “இருபது, சரியா இருக்குண்ணே” என்றார். எழுந்து வந்து, தரையில் குந்தி, அந்தச் சுருங்கிய கையால் ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். நான்காவது வீல் வந்தது, பின் இடது. அதில் மட்டும் ரெஞ்சை வாங்கி ஐந்து நட்டையும் மறுபடி ஒருமுறை தானே சோதித்துப் பார்த்தார். ஐந்தும் டக் என்றன.

ஒன்பது வருடமாக நான் முடுக்கிய கார் ஒவ்வொன்றிலும் பின் இடது வீலுக்கு அவர் இதைச் செய்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர் கோடு போட்டு முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றேன்.